நீலக் குழந்தைகளைக் காத்த ஹெலன் டாசிக்

புது தில்லி: தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் 1954-ல் இதய நோய்ப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் எஸ். பத்மாவதி. 2020-ல் தமது 103-வது வயதில் காலமான அவர், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பயிற்சி பெற்றபோது அவருக்கு ஆசிரியையாக அமைந்தவர் டாக்டர் ஹெலன் டாசிக். குழந்தைகளுக்கான இதய மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்தெடுத்தவர் அவரே.

1898 மே 24-ம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார் டாசிக். தந்தை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பெயர்பெற்ற பொருளாதாரப் பேராசிரியர். தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தபோது சிறுமிக்கு வயது 11. எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. தந்தை பொறுமையாக அருகில் அமர்ந்து கற்பித்ததால் அந்தக் குறையைத் தாண்டினார்.

தந்தை பாடம் நடத்திய அதே ஹார்வர்டில் மகளுக்கு மருத்துவப் பட்டம் கிடைக்க வழியில்லை. வகுப்பில் அமரலாம், பெண் என்பதால் பட்டம் மட்டும் கிடையாது என்பது அன்றைய விதி. எனவே பாஸ்டன் சென்று, பின்னர் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சேர்ந்து 1927-ல் மருத்துவரானார். 1930-ல் அங்குள்ள குழந்தைகள் இதய நோய்ப் பிரிவின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதே காலத்தில் அவரது செவித்திறன் குறையத் தொடங்கியது. இதயத் துடிப்பைக் கேட்டே நோயறியும் துறையில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய சோதனை வேறில்லை. டாசிக் விரல்களைப் பயன்படுத்தினார். குழந்தையின் மார்பில் கைவைத்து இதயத்தின் அதிர்வை உணர்ந்தார். எக்ஸ்ரே திரையில் இதயத்தின் வடிவத்தைப் பல கோணங்களில் பார்த்துப் பழகினார். இறந்த குழந்தைகளின் இதயங்களை ஆராய்ந்து, திரையில் கண்டதோடு ஒப்பிட்டார்.

அந்நாளில் குழந்தைகளின் இதயத்தை அதிகம் பாதித்தது ருமாட்டிக் காய்ச்சல். சாதாரணத் தொண்டைப் புண்ணாகத் தொடங்கி, சில வாரங்களில் மூட்டுகளைத் தாக்கி, இதய வால்வுகளை நிரந்தரமாகச் சேதப்படுத்திவிடும் நோய் இது. பென்சிலின் வந்த பிறகு மேலை நாடுகளில் அது ஏறக்குறைய மறைந்தது. இந்தியாவின் ஏழைக் குடியிருப்புகளை விட்டு அது இன்னும் முழுமையாக நீங்கவில்லை. தொண்டைப் புண்ணை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பதே இதற்கு ஒரு காரணம்.

மற்றொரு வகை, பிறவியிலேயே வரும் குறைபாடுகள். இதயத்தின் கீழறைகளுக்கு இடையே ஓட்டை இருப்பது இவற்றில் மிகுதியாகக் காணப்படுவது. சிறிய ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். டாசிக்கின் கவனத்தை ஈர்த்ததோ, உதடும் நகமும் நீலம் பாரித்து, நாலடி நடந்ததும் குந்தி உட்கார்ந்துவிடும் குழந்தைகள். கீழறைகளுக்கிடையே ஓட்டை, நுரையீரலுக்குச் செல்லும் பாதையில் அடைப்பு, இடம் மாறி அமைந்த மகாதமனி, தடித்த வலக் கீழறை என நான்கு கோளாறுகள் ஒருங்கே அமைந்த நோய் அவர்களுக்கு. ஃபாலோ என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் அது வழங்கப்படுகிறது.

கருவில் இருக்கும்போது மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் சிறு குழாய் ஒன்று உண்டு. பிறந்த சில நாள்களில் அது மூடிக்கொள்ளும். நீலக் குழந்தைகளில் அந்தக் குழாய் திறந்தே இருந்தவர்கள் ஓரளவு நன்றாக இருந்ததையும், அது மூடியதும் நிலைமை மோசமானதையும் டாசிக் கவனித்தார். அப்படியானால் செயற்கையாக அப்படியொரு வழியை உண்டாக்கினால் என்ன? அந்தக் குழாயை மூடும் அறுவையை 1938-ல் செய்து புகழ்பெற்ற பாஸ்டன் மருத்துவர் ராபர்ட் கிராஸிடம் யோசனையைக் கூறினார். அவர் ஆர்வம் காட்டவில்லை.

ஹாப்கின்ஸுக்கு 1941-ல் வந்த அறுவை நிபுணர் ஆல்பிரெட் பிளேலாக் ஏற்றுக்கொண்டார். அவரது ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமஸ், நாய்களிடம் இரண்டாண்டு சோதனை நடத்தி அந்த அறுவையை வடிவமைத்தார். கல்லூரிப் படிப்பு வாய்க்காத கறுப்பினத்தவர் அவர். 1944 நவம்பர் 29-ம் தேதி, நாலரை கிலோ எடைகூட இல்லாத 15 மாதப் பெண் குழந்தைக்கு அறுவை நடந்தபோது, பிளேலாக்கின் பின்னால் நின்று அடுத்து என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தாமஸ்தான். கைக்குச் செல்லும் ரத்தக் குழாய் நுரையீரல் தமனியுடன் இணைக்கப்பட்டது. குழந்தை தேறியது, ஆயினும் சில மாதங்களில் நோய் திரும்பி, இரண்டு வயது நிறையும் முன்பே இறந்தது. அதற்குப் பின் வந்த நூற்றுக்கணக்கான குழந்தைகள் பிழைத்தனர். அறுவைக்கு பிளேலாக், டாசிக் பெயர்கள் சூட்டப்பட்டன. தாமஸுக்கு 1976-ல்தான் கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது. டாசிக்கும் முழுநிலைப் பேராசிரியராக 1959 வரை, அதாவது 61 வயது வரை, காத்திருக்க நேர்ந்தது.

1962-ல், கைகால் வளர்ச்சியின்றிக் குழந்தைகள் பிறப்பதாகத் தமது பழைய ஜெர்மன் மாணவர் மூலம் அறிந்து, மேற்கு ஜெர்மனி சென்று நேரில் விசாரித்தார். கர்ப்பிணிகள் உட்கொண்ட தாலிடோமைடு மாத்திரையே காரணம் என்பதை அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் படங்களுடன் எடுத்துரைத்தார். மருந்துகளுக்கு அனுமதி தரும் சட்டம் அவ்வாண்டே கடுமையாக்கப்பட்டது. 1964-ல் அதிபர் ஜான்சன் அவருக்கு அந்நாட்டின் உயரிய குடிமக்கள் விருதை வழங்கினார். மறு ஆண்டு அமெரிக்க இதயச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார்.

திருமணம் செய்துகொள்ளாத டாசிக், ஓய்வுக்குப் பிறகும் ஆய்வை விடவில்லை. கடைசி ஆண்டுகளில் பறவைகளின் இதயக் குறைபாடுகளை ஆராய்ந்து வந்தார். 1986 மே மாதம், 88-வது பிறந்த நாளுக்குச் சில நாள்களே இருந்தபோது, பென்சில்வேனியாவில் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்க நண்பர்களைத் தமது காரில் அழைத்துச் சென்றார். சாலைச் சந்திப்பில் மற்றொரு வாகனம் மோதியதில் உயிரிழந்தார். அவரது விருப்பப்படி உடல் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு அளிக்கப்பட்டது.