ஆரோன் (சீர்திருத்தச் சபை குரு)

ஆரோன் (ஏறத்தாழ 1698 - ஜூன் 25, 1745) இந்தியாவில் சீர்திருத்தக் கிறித்தவ சபையொன்றில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆவார். இவருடைய இயற்பெயர் ஆறுமுகம். கடலூரில் பிறந்த இவர், குடும்பம் செல்வம் இழந்து நொடித்த காலத்தில் கிறித்தவ சமயத்தை அறிந்து, தரங்கம்பாடியில் திருமுழுக்குப் பெற்றார். உபதேசியாராகவும் பின்னர் குருவாகவும் பணியாற்றி, தஞ்சை நாட்டின் ஊர்ப்புறங்களில் லுத்தரன் சபைகள் வேரூன்ற உழைத்தார்.

பிறப்பும் சூழலும்

ஆறுமுகம் சைவ வேளாளர் மரபைச் சேர்ந்த வணிகக் குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் கடலூர் ஒரு முக்கியமான துறைமுக வணிக நகரமாக விளங்கியது. அதனையடுத்த புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690 இல் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியிருந்தது. கடல் வணிகம் சிலரைச் செல்வராக்கியது. பலரை ஒரே பருவத்தில் வறியவராகவும் ஆக்கியது. ஆறுமுகத்தின் குடும்பமும் இவ்வாறு பொருளை இழந்து வறுமையுற்றது. வசதியான வாழ்வை எதிர்நோக்கி வளர்ந்த இளைஞர் பிறருடைய ஆதரவை நாட வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார்.

சமய மாற்றம்

தரங்கம்பாடியில் டேனியர் 1620 முதல் குடியேற்றம் அமைத்திருந்தனர். அங்கு 1706 இல் வந்திறங்கிய செருமானியரான பர்த்தலோமேயு சீகன்பால்க், தமிழ் கற்று, பள்ளிகளும் அச்சகமும் நிறுவினார். 1717 இல் ஆங்கிலேயரின் இசைவுடன் கடலூரிலும் ஒரு தருமப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கு ஆசிரியராயிருந்த சவரிமுத்து என்பவரின் தொடர்பு ஆறுமுகத்துக்குக் கிடைத்தது. அவர் வழியாகவே ஆறுமுகம் கிறித்தவ நூல்களையும் போதனைகளையும் அறிந்து கொண்டார்.

பின்னர் அவர் தரங்கம்பாடிக்குச் சென்றார். கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரம் வழியாகக் கொள்ளிடம் ஆற்றைக் கடந்து ஏறத்தாழ 100 கி.மீ. செல்ல வேண்டிய பயணம் அது. 1718 இல், ஏறத்தாழ இருபதாம் வயதில், சீகன்பால்கிடம் திருமுழுக்குப் பெற்று ஆரோன் என்னும் பெயரை ஏற்றார். விவிலியத்தில் மோசேயின் உடன்பிறந்தவரும் முதல் தலைமைக் குருவும் ஆரோன் என்பது குறிப்பிடத்தக்கது.

அக்காலத்தில் சமயம் மாறுதல் தனிமனித நம்பிக்கையோடு நின்றுவிடவில்லை. உறவினர், சாதியார், திருமண உறவு, சொந்த ஊரின் ஆதரவு ஆகிய அனைத்தையும் அது பாதித்தது. எனவே பொருளிழப்பால் துயருற்ற ஒருவருக்கு இம்முடிவு ஆறுதலாக அமைந்தது போலவே, புதிய இழப்புகளுக்கும் இடமளித்தது.

உபதேசியார் பணி

1718 அக்டோபரில் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. ஆனால் 1719 பிப்ரவரியில் சீகன்பால்க் இறந்தார். அவருடன் பணியாற்றிய குருண்ட்லர் 1720 மார்ச்சில் காலமானார். இவ்வாறு திருமுழுக்குப் பெற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் ஆரோன் தம் வழிகாட்டிகளை இழந்தார். எனினும் அவர் தாம் ஏற்ற நெறியிலிருந்து விலகவில்லை. உபதேசியாராக நியமிக்கப்பட்டு, ஊர் ஊராகச் சென்று கற்பித்தல், நோயுற்றோரைச் சந்தித்தல், சபையாரின் பிணக்குகளைத் தீர்த்தல் ஆகிய பணிகளைச் செய்தார்.

தஞ்சை மராத்திய அரசின் எல்லைக்குள் ஐரோப்பிய மறைபணியாளர் எளிதில் செல்ல இயலவில்லை. ஆகவே அங்கிருந்த சபைகளின் வளர்ச்சி தமிழ் உபதேசியார்களையே சார்ந்திருந்தது. எனினும் திருமுழுக்கு அளிக்கவும் நற்கருணை வழங்கவும் குருக்களுக்கே உரிமை இருந்தது. இக்குறையைப் போக்கத் தமிழர் ஒருவரையே குருவாக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது.

குருப்பட்டம்

இதற்கான ஒப்புதல் ஐரோப்பாவிலிருந்து பெறப்பட்டபின், 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் ஆரோன் குருவாக அபிடேகம் பெற்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 35. மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) வட்டாரத்து ஊர்ப்புறச் சபைகள் அவருடைய பொறுப்பில் இருந்தன. இறக்கும்வரை பதினோரு ஆண்டுகளுக்கு மேல் அவர் குருவாகப் பணிபுரிந்தார். 1740-41 இல் மராத்தியப் படையெடுப்பும் திருச்சிராப்பள்ளி முற்றுகையும் தமிழகத்தைக் கலங்கச் செய்தன. அத்தகைய அமைதியற்ற காலத்திலேயே அவருடைய இறுதி ஆண்டுகள் கழிந்தன.

1741 இல் தியோகு என்பவர் இரண்டாவது தமிழ்க் குருவாக அபிடேகம் பெற்றார்.

சாதியும் குருத்துவமும்

ஆரோனின் காலத்திலேயே தஞ்சைப் பகுதியில் இராசநாயக்கன் என்னும் முன்னாள் படைவீரர் சிறந்த உபதேசியாராக விளங்கினார். ஆனால் அவர் தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்பதால், உயர்சாதிக் கிறித்தவர்கள் அவர் கையால் நற்கருணை பெற மாட்டார்கள் எனக் கருதி, அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்படவில்லை. ஆரோன் வேளாளர் மரபினராய் இருந்தது அவருடைய பணி ஏற்கப்படுவதற்குத் துணையாக அமைந்தது. புதிய சமயத்தை ஏற்றவர்களும் பழைய சமூக ஏற்றத்தாழ்வை விட்டுவிடவில்லை என்பதை இது காட்டுகிறது. ஆரோனின் வரலாற்றைக் கற்போர் இதனையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

மறைவும் முக்கியத்துவமும்

ஆரோன் 1745 ஜூன் 25 அன்று காலமானார். மறைபணியாளர்கள் செருமனியின் ஆல்லெ நகருக்கு அனுப்பிய அறிக்கைகள் மூலமாகவே அவருடைய வாழ்க்கை பற்றிய செய்திகள் பெரிதும் தெரியவருகின்றன. தரங்கம்பாடி மறைபணியின் தொடர்ச்சியாக 1919 இல் தமிழ் சுவிசேச லுத்தரன் திருச்சபை அமைந்தது. அதன் முதல் தமிழ்ப் பேராயராக இராசா மாணிக்கம் 1956 இல் பொறுப்பேற்றார். ஒரு தமிழர் குருவானதற்கும் மற்றொரு தமிழர் பேராயரானதற்கும் இடையே 223 ஆண்டுகள் கழிந்தன. செல்வம் நொடித்த வீட்டிலிருந்து புறப்பட்ட கடலூர் இளைஞரின் குருப்பட்டமே இந்நீண்ட வரலாற்றின் தொடக்கம் எனலாம்.