தோட்டா செய்த வக்கீல்

அமெரிக்காவில் பஃபலோ நகரத்து வக்கீல் சார்லஸ் நியூட்டன். கோர்ட்டு நேரம் போக அவருக்குத் தோட்டா நினைப்புதான்.

கடைத் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தை இறுக்கிச் சிறிய குண்டை வைத்தார். வேகம் கூடியது, தூரத்து மானுக்கும் குறி அதிகம் தாழாது. இத்தகைய கைத்தயாரிப்புக்கு வேட்டைக்காரர்கள் வைத்த பெயர் 'காட்டுப்பூனை'.

1912-ல் அதை சாவேஜ் கம்பெனி விற்பனைக்கு விட்டது. 1915-ல் வந்தது 250-3000. இதற்கு 100 கிரெயின் குண்டே ஏற்றது என்றார் நியூட்டன். விநாடிக்கு 3,000 அடி வேகம் என்று விளம்பரம் செய்ய, கம்பெனி அதை 87 ஆக்கியது. பெற்றவர் சொல் எடுபடவில்லை!

1914-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து துப்பாக்கி வரவேண்டிய சமயத்தில் உலகப் போர் மூண்டது. 1918-ல் கம்பெனி நொடித்தது. 1932-ல் காலமானார்.

அவருடைய 250 கூட்டைப் பிறர் மேலும் இறுக்கினார்கள். 1965-ல் ரெமிங்டன் கம்பெனி அதை 22-250 என்று விற்பனைக்கு விட்டது.