உங்க வீட்டு பூஜை அறையிலும் இவர் இருக்கலாம்... காலண்டர் சாமிகளுக்கு முகம் கொடுத்த கொண்டையராஜு யார்?

திருப்பரங்குன்றம் கருவறையில் முருகனைப் பார்க்க வரிசையில் நிற்கணும். வீட்டில் அப்படி இல்லை, காலண்டரிலேயே தரிசனம் முடிந்துவிடும். அந்தக் காலண்டர் முகங்களில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பவர் சி.கொண்டையராஜு.

1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். படிப்பு முடித்ததும் வேலை தேடி ஓடவில்லை. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிகளுக்கு சீன் திரை வரையும் வேலை. அப்படியே ஊர் ஊராகச் சுற்றியவர், 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். பக்கத்திலேயே சிவகாசி. அச்சகங்களுக்குப் படம் தேவை, இவருக்கு வேலை தேவை. அவ்வளவுதான்.

அவர் படங்களைக் கவனித்துப் பாருங்க. சாமிக்குப் பின்னால் மலை, தடாகம், அரண்மனைத் தூண் எல்லாம் வரும். நாடகத் திரையில் பழகிய கை அது! முன்னால் நிற்கும் கஜலட்சுமியோ மீனாட்சியோ நம்மையே நேராகப் பார்ப்பார்கள்.

எந்தப் பக்கம் போனாலும் கண் கூடவே வருகிற மாதிரி இருக்கும். பாரிஸில் இருக்கும் டாவின்சியின் மோனாலிசாவைப் பற்றியும் இதையேதான் சொல்வார்கள். இதில் மாயம் இல்லை. சிலையைச் சுற்றி நடந்தால் அதன் பக்கவாட்டு தெரியும். படம் தட்டையானது, நாம் நகர்ந்தாலும் அதில் எதுவும் மாறாது. நேராகப் பார்க்கும்படி வரைந்த கண், கடைசி வரை நேராகவே பார்க்கும்.

ஆனால் மோனாலிசாவை வரைந்தவர் பெயர் உலகத்துக்கே தெரியும். கொண்டையராஜு படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் இருப்பது ஜவுளிக்கடை பெயரோ, பாத்திரக்கடை பெயரோதான். வருஷம் முடிந்ததும் தேதித் தாளோடு கடை பெயரையும் வெட்டிவிட்டு, படத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டுவோம். ஓரத்தில் இருக்கும் சின்னக் கையெழுத்தும் சில சமயம் அதோடு போய்விடும்.

அந்தக் கையெழுத்திலும் ஒரு விசேஷம். பல படங்களில் அவர் பெயரோடு சீடர் பெயரும் இருக்கும். டி.எஸ்.சுப்பையா, ராமலிங்கம் என்று அவரிடம் தொழில் கற்றவர்கள் பலர். குருவின் பாணி எங்கே முடிகிறது, சீடர் கை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். கல்யாணமே செய்துகொள்ளாத அவருக்கு இந்தச் சீடர்கள்தான் குடும்பம்.

1976-ல் காலமானார். அவர் வரைந்த படங்களுக்கு இன்னும் பூ வைத்து, சூடம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.