மருந்துக் கடையிலிருந்து நோபல் மேடைக்கு

(முன்னாள் மாணவர், இயந்திரவியல் பிரிவு)



மலருக்குக் கட்டுரை என்றதும் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் அரியர் பேப்பரைப் பற்றியும் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை அவர்களுக்கே விட்டுவிட்டேன். நான் எழுதப்போவது பார்மஸி படித்த ஒருவரைப் பற்றி. மெக்கானிக்கல்காரனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். காரணம் போகப் போகத் தெரியும்.

பி.பார்ம். சேர்ந்திருக்கிறேன் என்று ஒரு பையன் சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி என்ன? டாக்டர் சீட் கிடைக்கலையா என்பதுதான். அந்தப் பையன் என்னமோ தோற்றுப்போய் வந்த மாதிரி ஒரு பார்வை. அப்படிப் பார்க்கிறவர்களுக்காகவே இந்தக் கதை. பிளஸ் டூ சான்றிதழுக்குச் சமமான ஒன்று கையில் இல்லாமல் பள்ளியை விட்டவர், மருந்துக் கடையில் வேலை பழகினார், பார்மஸி பட்டம் வாங்கினார், கடைசியில் வேதியியலுக்கான நோபல் பரிசையே வாங்கிவிட்டார். அவர்தான் பிரான்சு நாட்டின் ஆன்றி முவாசான்.

ரயில்வே ஊழியர் வீட்டுப் பிள்ளை

1852 செப்டம்பர் 28-ஆம் தேதி பாரிஸ் நகரத்தில் பிறந்தவர் முவாசான். அப்பா கிழக்கு ரயில்வே கம்பெனியில் சாதாரண ஊழியர். அம்மா தையல் வேலை செய்து குடும்பத்துக்குத் தோள் கொடுத்தார். 1864-இல் குடும்பம் பாரிசுக்குக் கிழக்கே இருக்கும் மோ என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்கு வேதியியலில் ஆசை வந்தது அங்கேதான். அப்பாவே அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்தார். பள்ளியில் ஓர் ஆசிரியர் காசு வாங்காமல் தனியாகப் பாடம் நடத்தினார்.

ஆனால் ஒரு சிக்கல். அந்தக் காலத்து பிரான்சில் பல்கலைக்கழகப் படிக்கட்டு ஏற வேண்டுமானால் பக்கலோரியா என்ற தேர்வில் தேறியிருக்க வேண்டும். அதற்கு லத்தீன், கிரேக்கம் எல்லாம் படித்திருக்க வேண்டும். முவாசான் படித்ததோ வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கான பாடப்பிரிவு. அதில் அந்த மொழிகள் கிடையாது. 1870-இல் அந்தச் சான்றிதழ் இல்லாமலேயே பள்ளியை விட்டார். ஒரு கடிகாரக்காரரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அதே ஆண்டில் ஜெர்மனியோடு போர் வந்தது. பதினெட்டு வயதுப் பையனின் எதிர்காலம் அதோடு முடிந்தது என்றுதான் யாருமே நினைத்திருப்பார்கள்.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு வகுப்பறை

போர் முடிந்து 1871-இல் பாரிசில் ஒரு மருந்துக் கடையில் பயிற்சியாளாகச் சேர்ந்தார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைய மருந்துக் கடை, இன்று நாம் சீட்டை நீட்டி மாத்திரை அட்டை வாங்குகிற இடம் மாதிரி இல்லை. மருந்தை அங்கேயே இடித்து, அரைத்து, வடிகட்டி, எடை போட்டு, உருட்டிக் கொடுப்பார்கள். சரக்கு சுத்தமா, கலப்படமா என்று சோதிப்பதும் அங்கேதான். ஒரு குன்றிமணி எடை கூடினால் மருந்தே விஷமாகிவிடும். ஆர்சனிக் தின்று உயிர் போகும் நிலையில் வந்த ஒருவரை அந்தக் கடையில் இருந்தபோதே முவாசான் காப்பாற்றியதாக அவர் வரலாற்றில் இருக்கிறது.

பிரான்சில் அப்போது மருந்தாளர்கள் இரண்டு வகுப்பு. முதல் வகுப்புச் சான்று வாங்கியவர் நாட்டில் எங்கே வேண்டுமானாலும் கடை வைக்கலாம். இரண்டாம் வகுப்புக்காரர் தனக்கு ஒதுக்கிய மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. முதல் வகுப்புக்குப் பக்கலோரியா வேண்டும். கடையில் பயிற்சியும் வேண்டும், பார்மஸிக் கல்லூரியில் படிப்பும் வேண்டும். முவாசானிடம் கடைப் பயிற்சி இருந்தது. முதல் சான்றிதழ்தான் இல்லை.

அவரை நகர்த்தியது ஒரு நண்பர். மோ ஊர்ப் பள்ளியில் கூடப் படித்த பிளிக் என்பவர் பாரிசில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தார். நீயும் வாப்பா என்று இழுத்துவிட்டார். முதலில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஃப்ரெமி என்ற பேராசிரியரின் ஆய்வகம், பிறகு அங்கேயே தெஹரான் என்பவரின் ஆய்வகம். இந்தத் தெஹரான்தான் பையனின் கையில் இருக்கும் சரக்கைப் பார்த்து, விட்டுப்போன தேர்வை எழுதியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். 1874-இல், இருபத்திரண்டு வயதில், முவாசான் பக்கலோரியா தேறினார். அதே ஆண்டில் தாவரங்களின் சுவாசம் பற்றி ஆசிரியரோடு சேர்ந்து முதல் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். பள்ளித் தேர்வும் ஆராய்ச்சிக் கட்டுரையும் ஒரே வருஷத்தில்! நம் செட்டில் யாராவது உண்டா?

அதன்பின் வேகம்தான். 1879-இல் பாரிஸ் உயர் பார்மஸிக் கல்லூரியில் முதல் வகுப்பு மருந்தாளர் பட்டம். அடுத்த ஆண்டு டாக்டர் பட்டம். 1882-இல் மோ ஊரைச் சேர்ந்த லியோனி லுகானைத் திருமணம் செய்துகொண்டார். மாமனாரும் ஒரு மருந்தாளர்தான். மருமகன் கடை வைத்து சம்பாதிக்கவில்லையே என்று முகம் சுளிக்காமல், ஆராய்ச்சியில் இருக்கட்டும் என்று பணத்தால் தாங்கினார். இப்படி ஒரு மாமனார் அமைவதே பெரிய ஸ்காலர்ஷிப் அல்லவா!

யாருக்கும் அகப்படாத வாயு

அந்த நாளில் வேதியியல்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்த பொருள் ஒன்று இருந்தது. ஃப்ளோரின். அப்படி ஒரு தனிமம் இருக்கிறது என்று 1810-களிலேயே தெரியும். பெயரும் வைத்தாகிவிட்டது. ஆளைத்தான் பிடிக்க முடியவில்லை. எதைத் தொட்டாலும் அதோடு சேர்ந்துகொள்ளும், கண்ணாடியையே அரிக்கும் குணம் அதற்கு. ஹம்ஃப்ரி டேவியே முயன்று உடல்நலம் கெட்டார். அயர்லாந்தின் நாக்ஸ் சகோதரர்கள் விஷ ஆவியில் படுத்த படுக்கையானார்கள். பெல்ஜியத்தின் லூயே, பிரான்சின் நிக்லே இருவரும் உயிரையே விட்டார்கள்.

முவாசான் 1884 வாக்கில் இதைக் கையில் எடுத்தார். முதலில் பாஸ்பரஸ், ஆர்சனிக் சேர்ந்த ஃப்ளோரைடுகளில் மின்சாரம் செலுத்திப் பார்த்தார். சரிவரவில்லை. நச்சு ஆவியால் உடம்பு கெட்டுப் பலமுறை வேலையை நிறுத்த வேண்டி வந்தது. பிறகு நீரே இல்லாத ஹைட்ரஜன் ஃப்ளோரைடுக்கு வந்தார். அது மின்சாரத்தைக் கடத்தாது என்று அவருடைய பழைய குரு ஃப்ரெமி ஏற்கெனவே கண்டிருந்தார். அதில் பொட்டாசியம் ஃப்ளோரைடு உப்பைக் கரைத்தால் கடத்தும் என்று முவாசான் கண்டுகொண்டார்.

கருவியை எப்படி அமைத்தார் பாருங்கள். ஆங்கில எழுத்து யு வடிவத்தில் பிளாட்டினக் குழாய். பிளாட்டினமும் இரிடியமும் கலந்த மின்முனைகள். வாயை அடைக்க ரப்பரோ கார்க்கோ போட்டால் எரிந்துவிடும். அதனால் ஃப்ளோரைடுக் கல்லையே கடைந்து மூடி செய்தார். ஏற்கெனவே ஃப்ளோரின் ஏறிய கல், இனி ஃப்ளோரினால் அதை என்ன செய்ய முடியும்? வாயுவின் வெறியைக் குறைக்க மொத்தத்தையும் பூஜ்ஜியத்துக்குக் கீழே 23 டிகிரிக்குக் குளிரவைத்தார். எந்த இடத்தில் எந்தப் பொருள் தாங்கும் என்று இப்படி யோசிப்பதுதானே நமக்கும் சோறு போடுகிற வித்தை!

1886 ஜூன் 26. நேர்முனையில் வந்த வாயு சிலிக்கான் துண்டைத் தொட்டதும் அது பற்றி எரிந்தது. எழுபது வருஷத்துக்கு மேல் தப்பி ஓடிய ஆள் அகப்பட்டுவிட்டது.

அளவுக்கு மிஞ்சிய சுத்தம்

கதையின் சுவாரசியமான இடம் இனிமேல்தான். முவாசான் அப்போது அறிவியல் கழக உறுப்பினர் இல்லை. அவர் சார்பில் வேறொருவர் செய்தியை அறிவித்தார். சரி பார்க்க மூன்று பெரியவர்கள் கொண்ட குழு போட்டார்கள். பெர்த்தலோ, தெப்ரே, குரு ஃப்ரெமி. மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். முவாசான் மின்சாரத்தைச் செலுத்தினார். ஒன்றுமே வரவில்லை! வாயு இல்லை, நெருப்பு இல்லை. வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அந்த நிலையில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? கரண்ட்டைத் திட்டியிருப்போம், லேப் அசிஸ்டென்ட்டைத் திட்டியிருப்போம். முவாசான் ஒவ்வொரு படியையும் திரும்பிப் பார்த்தார். காரணம் புரிந்தது. பெரியவர்கள் வருகிறார்களே என்று ஹைட்ரஜன் ஃப்ளோரைடை மிகவும் கவனமாக, துளி உப்பும் கலக்காதபடி சுத்தம் செய்துவிட்டார். முன்னால் செய்தபோது அதில் கொஞ்சம் பொட்டாசியம் ஃப்ளோரைடு தங்கியிருந்தது. மின்சாரத்தைக் கடத்தியது அதுதான். இம்முறை அது இல்லாததால் மின்சாரம் ஓடவில்லை. உப்பைச் சேர்த்தார், வாயு வந்தது, குழுவும் ஏற்றுக்கொண்டது.

எதில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்குப் பார்க்கும் பழக்கம் மருந்துக் கடையிலும் பார்மஸிக் கல்லூரியிலும் ஊறியது. அந்தப் பழக்கமே அன்று அவரைக் கவிழ்க்கவும் பார்த்தது, கடைசியில் காப்பாற்றியதும் அதுவே என்று எனக்குத் தோன்றும்.

அதே ஆண்டில், தான் படித்த பார்மஸிக் கல்லூரியிலேயே நச்சியல் பேராசிரியர் ஆனார். 1891-இல் அறிவியல் கழக உறுப்பினர். 1900-இல் சோர்போனில் பேராசிரியர்.

நம் பட்டறைக்கும் வந்தவர்

மெக்கானிக்கல்காரன் எழுதுவதற்கான காரணம் இதோ. 1892-இல் முவாசான் ஒரு மின் உலை செய்தார். பார்க்க மிக எளிமை. இரண்டு சுண்ணாம்புக் கட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று. நடுவில் குழி. இரு பக்கமும் கரித்தண்டுகள். இடையில் மின்வில். வெப்பம் சுமார் 3,500 டிகிரி வரை! டங்ஸ்டன், யுரேனியம், குரோமியம் என்று எளிதில் மசியாத உலோகங்களெல்லாம் அந்தக் குழியில் உருகி வழிந்தன. கால்சியம் கார்பைடும் அதில் பிறந்தது. அமெரிக்காவில் வில்சன் என்பவரும் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டார். அதில் தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வரும். நாம் ஒர்க்‌ஷாப்பில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கற்ற கேஸ் வெல்டிங்குக்கு அதுதான் மூலம்.

எல்லாவற்றிலும் ஜெயித்தார் என்று சொல்லமாட்டேன். கரியை இரும்பில் கரைத்து, திடீரென்று குளிரவைத்து, செயற்கை வைரம் செய்துவிட்டதாக 1893-இல் அறிவித்தார். பின்னால் வந்தவர்களால் அந்த முறையில் வைரம் எடுக்க முடியவில்லை. ஆனால் வேடிக்கை பாருங்கள். அதே 1893-இல் அரிசோனா விண்கல் துண்டு ஒன்றில் வைரம் போன்ற மணிகளைக் கண்டார். 1904-இல் அவை சிலிக்கான் கார்பைடு என்று அவரே தெளிவுபடுத்தினார். அந்தக் கனிமத்துக்கு அடுத்த ஆண்டு அவர் பெயரையே வைத்தார்கள். இன்று நகைக் கடைகளில் வைரத்துக்குப் பதிலாக விற்கிற மாய்சனைட் கல் அதுதான்.

இரண்டு பேர், ஒரே மாதம்

1906-இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வந்தது. பிரான்சுக்கு வேதியியலில் கிடைத்த முதல் நோபல். அந்த ஆண்டு போட்டியில் இருந்த இன்னொருவர், தனிம அட்டவணை தந்த மெண்டலீவ்! குழு மெண்டலீவைப் பரிந்துரைத்தும் ஸ்வீடன் கழகம் முவாசானைத் தேர்ந்தெடுத்தது. இது சரியா என்று இன்றும் பேசுகிறார்கள். அடுத்த பிப்ரவரியில், 1907-இல், மெண்டலீவ் 2-ஆம் தேதி இறந்தார். முவாசான் ஸ்டாக்ஹோமிலிருந்து திரும்பிய சில வாரங்களில் குடல்வால் நோயால் 20-ஆம் தேதி போய்விட்டார். வயது 54.

ஒரே மகன் லூயி. அப்பாவின் பார்மஸிக் கல்லூரியிலேயே உதவியாளராக இருந்தவர். முதல் உலகப் போர் தொடங்கிய உடனே, 1914 ஆகஸ்டில், போர்முனையில் இறந்தார். தன் பணத்தை அந்தக் கல்லூரிக்கே எழுதி வைத்திருந்தார். அப்பா பெயரில் வேதியியலுக்கு ஒரு பரிசு, அம்மாவின் லுகான் குடும்பப் பெயரில் பார்மஸிக்கு ஒரு பரிசு. குடும்பமே போன பிறகும் கல்லூரிக் கணக்கு மட்டும் பாக்கியில்லாமல் தீர்ந்தது.

முவாசான் பிடித்த ஃப்ளோரின் கடைசியில் மருந்துக் கடைக்கே திரும்பி வந்துவிட்டது. காய்ச்சலுக்கு எழுதும் சிப்ரோஃப்ளாக்ஸசினிலும், கொழுப்புக்குத் தரும் அட்டார்வஸ்டாட்டினிலும் ஃப்ளோரின் அணு உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துக் கொடுக்கும் பையனுக்கே இது தெரியுமோ என்னவோ.

அப்படிப் பையன்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். பகலில் மெடிக்கல் ஷாப்பில் நின்று, டி.பார்ம். முடித்து, நேரே இரண்டாம் ஆண்டு பி.பார்மில் சேர வழி உண்டா என்று கேட்டு வருகிறவர்கள். வழி உண்டு. முவாசானுக்கு வாய்த்தது போல ஒரு பிளிக்கும், ஒரு தெஹரானும், ஒரு மாமனாரும்தான் வேண்டும். நம் சங்கத்தில் பெயர் பதிந்திருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் அதற்குப் பஞ்சம் இருக்காது. இந்தச் சந்திப்பில் விருந்து முடிந்து கை கழுவிய கையோடு, கல்வி உதவி நிதி மேஜைப் பக்கமும் ஒரு எட்டு வந்து போங்கள்.