அணையாத தந்தி

போன மழையில் வெள்ளம் வந்தபோது இரண்டு நாட்கள் எங்கள் ஊரில் எந்தப் போனும் வேலை செய்யவில்லை. உம்மம்மா வீட்டில் தண்ணீர் ஏறியதா என்று அறிய வழியின்றி உம்மா வாசலிலேயே நின்றார். அதன் பிறகுதான் டைட்டானிக் கப்பலின் தந்தியாளர் ஜாக் பிலிப்ஸின் வரலாற்றைத் தேடி வாசித்தேன்.

அவர் 1887 இல் இங்கிலாந்தின் ஃபார்ன்கோம் என்ற ஊரில் பிறந்தார். பாடசாலையை விட்டதும் கொடால்மிங் தபாலகத்தில் சேர்ந்து தந்தி அடிக்கக் கற்றார். 1906 இல் மார்கோனி கம்பனியில் இணைந்து பல கப்பல்களில் பணியாற்றினார். 1912 ஏப்ரல் 10 ஆந் திகதி டைட்டானிக் புறப்பட்டது. மறுநாள் அவருக்கு 25 வயது.

13 ஆந் திகதி இரவு தந்திக் கருவி பழுதடைந்தது. துறைமுகம் சேரும்வரை அதைத் தொடாமல், வலுக் குறைந்த அவசரக் கருவியைக் கொண்டு சமாளிப்பதே கம்பனி விதி. பிலிப்ஸோ தன் உதவியாளர் ஹரல்ட் பிரைடுடன் பல மணி நேரம் உழைத்து, விடியுமுன் அதைத் திருத்திவிட்டார். அந்த விதிமீறல் இல்லையென்றால் மறுநாளிரவு எத்தனை பேர் பிழைத்திருப்பார்களோ!

ஆனால் பழுதான நேரத்தில் பயணிகளின் தந்திகள் மலைபோல் குவிந்துவிட்டன. 14 ஆந் திகதி இரவு அவற்றை அனுப்பிக்கொண்டிருந்தவேளை, அருகிலிருந்த கலிபோர்னியன் கப்பல், தாம் பனிக்கட்டிகளிடையே நிற்பதாகக் குறுக்கே அறிவித்தது. பிலிப்ஸ் எரிச்சலுடன் அந்தத் தந்தியாளரை வாயடைக்கச் சொன்னார். அவரும் சிறிது நேரத்தில் கருவியை நிறுத்திவிட்டு உறங்கப் போனார். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. களைத்த மனிதர், குவிந்த வேலை. என்றாலும் தவறு தவறுதான்.

11.40 க்குப் பனிப்பாறை மோதியது. உதவி கேட்டு பிலிப்ஸ் அனுப்பிய அழைப்பு, ஏறத்தாழ 58 கடல் மைல் தொலைவிலிருந்த கார்பேதியா கப்பலை எட்டியது. அதன் தந்தியாளர் உறங்க ஆயத்தமானபோதும் செவிக்கருவியைக் கழற்றாதிருந்தது இறைவனின் அருளென்றே நான் நினைக்கிறேன். கடமை முடிந்தது, இனி உங்கள் உயிரைக் காத்துக்கொள்ளுங்கள் என்று கப்டன் விடுவித்த பின்னும் பிலிப்ஸ் எழவில்லை. மின்சாரம் மங்கியது, அறைக்குள் தண்ணீர் வந்தது, விரல் ஓயவில்லை. அவர் அடித்துக்கொண்டிருக்கையிலேயே பிரைட் அவருக்கு உயிர்காப்பு அங்கியைக் கட்டிவிட்டார்.

2.20 க்குக் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 1500 பேர் இறந்தனர். விடியுமுன் வந்துசேர்ந்த கார்பேதியா 700க்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியது. பிலிப்ஸின் உடல் கிடைக்கவேயில்லை. உயிர் தப்பிய பிரைட், காயமுற்ற பாதங்களுடன் கார்பேதியாவின் தந்தி அறையில் அமர்ந்து, பிழைத்தவர்களின் செய்திகளைக் கரைக்கு அனுப்ப உதவினார்.

பெரிய பயணிகள் கப்பல்களில் இரவு பகலாகத் தந்தி கேட்க ஆள் இருக்கவேண்டும் என்று 1914 இல் லண்டனில் நாடுகள் கூடி உடன்பட்டன. அதே ஆண்டு கொடால்மிங்கில் பிலிப்ஸுக்கு நினைவு மண்டபமும் திறக்கப்பட்டது.