அஞ்சு வருஷத்துல எறும்பு வரைக்கும்

ப்ராஜெக்ட் டெட்லைன் தள்ளிப் போறது நமக்கொண்ணும் புதுசில்ல. ஆனா 10 வருஷத்துல முடிச்சுத் தர்றேன்னு கையெழுத்துப் போட்ட ஒரு வேலை, கையெழுத்துப் போட்டவர் செத்து 13 வருஷம் கழிச்சுதான் முடிஞ்சது. அதுதான் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. அவர் பெயர் ஜேம்ஸ் மர்ரே.

1837-ல் ஸ்காட்லாந்தில் டென்ஹோம் என்ற சின்ன ஊரில் ஒரு தையல்காரர் வீட்டில் பிறந்தார். வீட்டில் வசதி இல்லாததால் 14 வயசோட படிப்பு நின்னுபோச்சு. கிடைத்த புத்தகத்தை வெச்சு மொழி மொழியா தானே கத்துக்கிட்டார், 17 வயசிலேயே வாத்தியார் ஆனார். மனைவி மேகிக்கு காசநோய். குளிர் ஆகாதுன்னு அவங்களுக்காக லண்டன் போய், சார்ட்டர்ட் பேங்க் ஆஃப் இந்தியாவில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். ஆனாலும் 1865-ல் மேகி இறந்துட்டாங்க. கைக்குழந்தையும் முன்னாடியே போயிடுச்சு. அப்புறம் ஏடாவைக் கல்யாணம் பண்ணி 11 பிள்ளைகள். மில் ஹில் பள்ளியில் திரும்பவும் வாத்தியார் வேலை.

1879-ல் அகராதி வேலை அவர் கைக்கு வந்தது. பள்ளி வளாகத்திலேயே தகரத்தில் ஒரு ஷெட் போட்டு, அதுக்கு ஸ்கிரிப்டோரியம்னு கெத்தா ஒரு பெயரும் வெச்சார். முன்னாடி இருந்தவங்க சேர்த்து வெச்ச துண்டுச்சீட்டுகள் மட்டும் கிட்டத்தட்ட 2 டன் வந்து இறங்கின. ஒரு மூட்டைக்குள்ள எலி குடும்பம் நடத்திக்கிட்டு இருந்தது. ‘எச்’ எழுத்துச் சீட்டுகள் இத்தாலியில் கிடைச்சது. ‘பி ஏ’-வில் தொடங்கும் சீட்டுகளில் கொஞ்சம் அயர்லாந்தில் அடுப்பெரிக்கப் போயாச்சு. பேக்கப் இல்லாத டேட்டாவோட கதி எப்பவும் இதுதான்.

மர்ரே மக்கள்கிட்ட வேண்டுகோள் விட்டார். பழைய புத்தகங்களைப் படிங்க, ஒரு சொல் வர்ற வரியை வருஷத்தோட சீட்டில் எழுதி அனுப்புங்க, அவ்வளவுதான். ஒரு சொல்லுக்கு இன்னைக்கு என்ன அர்த்தம்னு சொல்றது மட்டும் இந்த அகராதியோட வேலை இல்லை. அது பிறந்ததிலிருந்து என்னென்னவா மாறிச்சுன்னு ஆதாரத்தோட காட்டணும். செத்துப்போன அர்த்தத்துக்கும் இடம் உண்டு.

அப்படி வெளிய வந்த பழைய அர்த்தங்களைப் பார்த்தா சிரிப்பும் வரும், ஆச்சரியமாவும் இருக்கும். மானைக் குறிக்கிற ‘டீர்’ ஒரு காலத்தில் எந்த விலங்குக்கும் பொது. இன்னைக்கு அயோக்கியன்னு சொல்ல ‘நேவ்’; அன்னைக்கு அது வெறும் பையன். ‘புல்லி’ன்னா அன்புக்குரிய ஆள். ‘க்ளூ’ன்னா நூல் உருண்டை. ‘ஆர்டிஃபிஷியல்’ ஒரு பாராட்டு, கைத்திறனோட செஞ்சதுன்னு அர்த்தம். நம்ம ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணமா இருந்த மாதிரிதான். நமக்கு ரொம்ப நெருக்கமானது ‘கம்ப்யூட்டர்’. மர்ரேயோட அகராதியில் அது மெஷின் இல்லை, கணக்குப் போடுற மனுஷன். ‘சி’ எழுத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. கட்டுமரம், சுருட்டு, கறி மூணும் கேட்டமரன், செரூட், கரின்னு உள்ளே உட்கார்ந்திருக்கு.

சரி, டெட்லைன் என்னாச்சு? 1884-ல் முதல் பகுதி வந்தது. அஞ்சு வருஷத்துல முடிஞ்சது ‘ஏ’-லிருந்து ‘ஆன்ட்’ வரைக்கும். எறும்பு வரைக்கும்! பல்கலைக்கழகம் நெருக்க ஆரம்பிச்சது. துணைவேந்தர் ஜோவெட் விதிகளையே மாத்தப் பார்த்தப்போ, வேலையை விட்டுடுவேன்னு மர்ரே நின்னார். பிறகு ரெண்டு பேரும் நண்பர்களாகி, ஒரு மகனுக்கு ஜோவெட்னே பெயர் வெச்சது வேற கதை. வாத்தியார் வேலையை விட்டுட்டு 1885-ல் குடும்பத்தோட ஆக்ஸ்ஃபோர்டு போனார். அங்கே புது ஷெட். பக்கத்து வீட்டுக்காரர் பார்வையை மறைக்குதுன்னு சொன்னதால அதைத் தரைக்குள்ள பாதி இறக்க வேண்டியதாச்சு. ஈரமும் குளிரும் தாங்க முடியாது. பிள்ளைகள் பாக்கெட் மணிக்குச் சீட்டு அடுக்கிக் கொடுத்தாங்க.

சீட்டு அனுப்பினவங்களில் வில்லியம் மைனர்னு ஒரு அமெரிக்க ராணுவ டாக்டர் உண்டு. மனநோயில் ஒரு அப்பாவியைச் சுட்டுக் கொன்னுட்டு பிராட்மூர் காப்பகத்தில் அடைபட்டவர். அங்கிருந்தே வருஷக்கணக்கா ஆயிரக்கணக்கில் அனுப்பினார். மர்ரே அவரைப் போய்ப் பார்த்தார், நட்பும் வளர்ந்தது. மெல் கிப்சன் மர்ரேயா நடிச்ச படமே இருக்கு. என்னைக் கேட்டா, படம் மைனரையே சுத்துது. ஷெட்டில் உட்கார்ந்திருந்தவர் கதைதான் எனக்குப் பெருசு.

1908-ல் சர் பட்டம் கிடைச்சது. ஆக்ஸ்ஃபோர்டு கௌரவப் பட்டம் கொடுக்க 1914 வரைக்கும் காக்க வெச்சது! 80-ஆவது பிறந்தநாளுக்குள்ள முடிச்சிடலாம்னு ஆசைப்பட்டார். 1915 ஜூலை 26 அன்று, 78 வயசில், ‘டி’ எழுத்து வேலை நடந்துக்கிட்டு இருந்தப்போ இறந்தார். மொத்தத்தில் கிட்டத்தட்ட பாதியை அவரே தொகுத்திருந்தார். மீதியை பிராட்லி, கிரெய்கி, அனியன்ஸ் மூணு பேரும் பார்த்துக்கிட்டாங்க. 1928-ல் முடிஞ்சப்போ 4,14,825 சொற்கள், 18 லட்சத்துக்கும் மேல மேற்கோள்கள்.

இத்தனையிலும் ஒரே ஒரு சொல் தொலைஞ்சுபோச்சு. ‘பாண்ட்மெய்ட்’, அடிமைப் பெண்ணுக்கான பழைய சொல். ‘பி’ அச்சான பிறகுதான் சீட்டுகள் கிடைச்சது. மர்ரேக்கு அது கடைசி வரைக்கும் உறுத்தல். 1933-ல் வந்த இணைப்புத் தொகுதியில் அந்தச் சொல் ஒருவழியா ஏறிச்சு.