பர்னெட்டும் கோழிமுட்டையும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், டிராரல்கன் என்னும் ஊரில் 1899ஆம் ஆண்டு பிராங்க் மக்பர்லேன் பர்னெட் பிறந்தார். கூச்சம் மிகுந்த சிறுவர் அவர். தோழரோடு ஆடுவதைவிட வண்டுகளைத் தேடிச் சேர்ப்பதையே பெரிதும் விரும்பினார். அவர் மெல்பர்னில் மருத்துவம் பயின்ற நாள்களில் இன்புளுயன்சா காய்ச்சல் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நோயை உண்டாக்குவது எது என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

1933இல் இலண்டன் ஆய்வகம் ஒன்றில், அந்நோய்க்குக் காரணம் வைரஸ் என்னும் நச்சுயிரி எனக் கண்டறியப்பட்டது. அப்போது பர்னெட்டும் அங்குப் பணியாற்றி வந்தார். நச்சுயிரி தனித்துப் பெருகாது. உயிருள்ள செல்லுக்குள் புகுந்தே பெருகும். ஆகவே, கீரியைப் போன்ற ஃபெரெட் என்னும் விலங்கின் மூக்கில் அதனைச் செலுத்தி ஆராய்ந்தனர். அவ்விலங்கு தும்மினால் ஆய்வாளருக்கும் நோய் தொற்றும்! மெல்பர்ன் திரும்பிய பர்னெட், கரு வளரும் கோழிமுட்டையின் ஓட்டில் சிறு துளையிட்டு, நச்சுயிரியை உள்ளே செலுத்தி வளர்த்தார். முட்டையைப் பயன்படுத்தியவர்கள் முன்பே சிலர் உண்டு; எனினும் அம்முறையைச் செம்மைப்படுத்திய பெருமை பெரிதும் அவருடையது.

இரண்டாம் உலகப்போரின்போது, 1918இன் கொடுமை மீண்டும் நிகழுமோ என அவர் அஞ்சினார். வலுக்குறைத்த நச்சுயிரியைப் படைவீரர்க்கு மூக்கின் வழியே அளித்துப் பார்த்தார். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. எனினும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை.

இந்நச்சுயிரி கோழியின் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைத் திரளச் செய்வதை, 1941இல் அமெரிக்கரான ஜார்ஜ் ஹர்ஸ்ட் கண்டார். சிறிது நேரத்தில் அது தானே விலகியது. பின்னர் அதே அணுக்களில் மீண்டும் ஒட்ட இயலவில்லை. செல்லின் மேற்புறத்தில் நச்சுயிரி பற்றும் பொருள் ஒன்று உண்டு என்பதும், அதனை நச்சுயிரியிடம் உள்ள ஒரு நொதியே அறுத்துவிடுகிறது என்பதும் இதனால் புலப்பட்டன. காலராக் கிருமி வெளியிடும் நொதியும் இதையே செய்கிறது எனப் பர்னெட்டின் ஆய்வகம் கண்டது. அந்நொதி பட்ட செல்களில் காய்ச்சல் நச்சுயிரி ஒட்டவில்லை. ஒரு நோயின் கிருமி மற்றொரு நோயின் புதிரை அவிழ்க்க உதவியது விந்தையன்றோ!

நச்சுயிரியின் மேலுள்ள புரதம் ஒன்று, நம் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள செல்களைப் பற்றுகிறது. செல் அதனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நச்சுயிரியின் மரபுப்பொருள் உட்கருவை அடைந்து, அச்செல்லைக் கொண்டே தன் படிகளைப் பெருக்குகிறது. வெளிவரும் புதிய நச்சுயிரிகள் செல்லின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது நொதி அந்தப் பிணைப்பை அறுத்து அவற்றை விடுவிக்கும். இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளில் ஏறி அவை அடுத்தவரைச் சென்றடையும்.

1960இல் பர்னெட் நோபல் பரிசு பெற்றார். அது, உடல் தன் பொருளையும் அயற்பொருளையும் பிரித்தறியும் திறன் பற்றிய ஆய்வுக்காக அளிக்கப்பட்டது. 1985இல் அவர் மறைந்தார். சில ஆண்டுகளில், அந்நொதியைத் தடுக்கும் மருந்து ஒன்று ஆஸ்திரேலியாவிலேயே உருவானது. காய்ச்சல் தடுப்பூசியின் பெரும்பகுதி இன்றும் கோழிமுட்டையில்தான் தயாராகிறது.